தாத்தாவும் வரட்டும், பாப்பாவும் வரட்டும்!



கதைப் புத்தகங்களிலும் கார்ட்டூன் படங்களிலும் ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதையின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். இலைகள் எல்லாம் மஞ்சளும், ஆரஞ்சும், சிவப்புமாக இருக்கும். கீழேயும் அதே நிறத்தில் கம்பளம் விரித்தது போல உதிர்ந்து கிடக்கும். அப்பா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். உள்ளே ஒரு பாப்பா, காதை மூடிய தொப்பியோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளில் ஏறக்குறைய செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இலையுதிர் காலம். அப்போது குடும்பத்தோடு மரங்களைப் பார்க்க நடந்து போவது அங்கே பெரிய வழக்கம்.

"நம்ம ஊர்ல அதெல்லாம் ஏது டீச்சர்?" என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது! கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். அவர்களுக்கு இலை உதிரும் நேரத்தில் நமக்கு மழை கொட்டுகிறது. தமிழ்நாட்டின் ஓர் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஏரி, குளம், கண்மாய் நிறையும். தரையெல்லாம் பச்சை பூக்கும். வேலிகளில் நம் மாநில மலரான செங்காந்தள் நெருப்பு மாதிரி எரியும். மரமல்லி மரத்தடியில் காலையில் போய்ப் பாருங்கள், நீளக் காம்போடு வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் கொட்டிக் கிடக்கும்.

சிவப்பு இலைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் தெருவில் நிற்கும் பாதாம் மரத்தைக் கவனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் அதன் அகலமான இலைகள் செக்கச்செவேல் என்று மாறி உதிரும். இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். இலை உதிரப் போகும்போது பச்சையம் சிதைந்து மறைய, சிவப்பு நிறமி உருவாகி வெளியே தெரிகிறது. கனடாவின் மேப்பிள் மரத்தில் நடப்பதும் இதே வேலைதான். வேம்புக்கும் அரசுக்கும் முறை கொஞ்சம் தள்ளி, மாசி பங்குனியில் வரும்.

சரி, நான் எழுத வந்தது மரத்தைப் பற்றி மட்டுமல்ல. இந்த மழைக்கால விடுமுறையில் நீங்கள் குடும்பத்தோடு பூங்காவுக்கோ, ஏரிக்கரைக்கோ, கடற்கரைக்கோ போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து யார் யார் கிளம்புகிறீர்கள்? யார் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

போன ஆண்டு கார்த்திகையில் ஒரு பூங்கா வாசலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, பத்து வயதில் ஒரு பெண், குழந்தை வண்டியில் ஒரு பாப்பா, சக்கர நாற்காலியில் தாத்தா. பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து நட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் உள்ளே நுழைய முடியும். அப்பா, பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார். தாத்தாவை எப்படித் தூக்குவது?

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் இப்படி ஓரமா இருக்கேன்" என்றார் அவர்.

ஒரு மணி நேரம் அவர் ரோட்டைப் பார்த்தபடி, பஸ் புகையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தப் பெண் மட்டும் மூச்சிரைக்க ஓடி வந்து, "தாத்தா, இங்க பாருங்க" என்று உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். நான்கைந்து மரமல்லிப் பூக்கள். தாத்தா வாங்கி மோந்து பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிறுமி கெட்டிக்காரி. பூங்காவே தாத்தாவிடம் வரட்டும் என்று கொண்டுவந்துவிட்டாள். ஆனால் எத்தனை தடவை ஓட முடியும் அவளால்?

என் கருத்து இதுதான் குழந்தைகளே. இயற்கையைப் பார்க்கப் போகும் பாதை, வீட்டிலேயே மிக மெதுவாகப் போகிறவருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். எல்லாப் பாதையும் அப்படி இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாதையாவது அப்படி இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்கிற உரிமை உங்களுக்கும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொது இடங்கள் எல்லாரும் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

அந்த வளைந்த குழாய்களை வைத்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் ஏன் வைத்தார்கள்? உள்ளே பைக்கை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், மாடு நுழைந்து செடியை மேய்கிறது. இரண்டும் உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே தாழ்ப்பாள் போட்ட ஒரு சின்னக் கதவை வைத்து, காவலரை அழைத்தால் திறந்துவிடுவார் என்று எழுதிவைக்கலாமே! பைக்காரரின் தப்புக்குத் தாத்தாவைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இப்போது கொஞ்சம் அறிவியல். சக்கரத்துக்கு எதிரிகள் மூன்று. படி ஒன்று, மணல் ஒன்று, சேறு ஒன்று.

முதலில் மணல். கடற்கரையில் குழந்தை வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? முன்சக்கரம் புதைந்து, வண்டி அப்படியே நின்றுவிடும். வண்டியின் எடை முழுவதும் சின்னச் சின்னச் சக்கரங்கள் தொடும் சிறிய இடத்தில் விழுகிறது. அழுத்தம் கூடுகிறது, சக்கரம் புதைகிறது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதால் அது பாலைவனத்தில் புதையாமல் நடக்கிறது. அந்தப் பாடம்தான் இது! மணல் மேல் ஒரு பலகையைப் போட்டால் எடை பரவிவிடும். சக்கரம் உருளும்.

இதைத்தான் சென்னை மெரினா கடற்கரையில் செய்தார்கள். அங்கே சாலைக்கும் அலைக்கும் நடுவில் எவ்வளவு மணல் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் கடல் நீரில் கால் நனைத்ததில்லை. முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். பிறகு எடுத்துவிடுவார்கள். எப்போதும் இருக்கும்படி ஒரு பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று, 263 மீட்டர் நீளத்தில் மரப்பலகைப் பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரம்! மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. "பார்த்தீர்களா, வீண் செலவு" என்று சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை, அதைக் கேட்டு விட்டுவிடவில்லை. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையிலும் அப்படி ஒரு பாதை வந்தது. சாலை உடைந்தால் நாம் சாலையே வேண்டாம் என்றா சொல்கிறோம்?

ஒரு வேண்டுகோள். அந்தப் பாதையில் நன்றாக நடக்கக்கூடியவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவதும் படம் எடுப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. சுற்றிலும் அவ்வளவு மணல் இருக்கிறதே! அங்கே உட்காரலாம் அல்லவா?

அடுத்தது படி. படிக்குப் பதில் சரிவு போட்டால் போதும் என்பார்கள். எவ்வளவு சரிவு? கணக்கு நோட்டை எடுங்கள். விதிப்படி, 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளமாவது வேண்டும். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்றால் சரிவின் நீளம் 15 X 12, அதாவது 180 செ.மீ. மூன்று படிக்கு 540 செ.மீ., ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பல இடங்களில் மூன்று படிக்கு ஒன்றரை மீட்டரில் ஒரு சறுக்குமரம் கட்டி வைத்துவிட்டு, "சரிவுப் பாதை இருக்கிறது" என்று கணக்குக் காட்டுகிறார்கள். அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் நிற்கவும் முடியாது. அடுத்த முறை பார்க்கும்போது அளந்து பாருங்கள். வழியின் அகலத்தை அளக்க டேப் வேண்டாம். உங்கள் 30 செ.மீ. ஸ்கேலை மூன்று முறை வையுங்கள். 90 செ.மீ. இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும்.

சேற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீங்களே நிபுணர்கள்! மழை பெய்த மறுநாள் களிமண் பாதை ஆகாது. கெட்டிப்படுத்திய கிராவல் பாதை ஆகும்.

இங்கேதான் சிலர் சண்டைக்கு வருவார்கள். "எல்லா இடத்திலும் சிமென்ட் போடச் சொல்கிறாயா? அப்புறம் அது என்ன இயற்கை?" என்று. நியாயமான கேள்வி. மரத்தின் அடிவரை சிமென்ட் பூசி, வேருக்குத் தண்ணீர் போகாமல் அடைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல பூங்காக்களில் மரத்தைவிட டைல்ஸ்தான் அதிகம்! நான் கேட்பது அதுவல்ல. மழைநீர் இறங்கும் கிராவல் பாதை போதும். ஈரமான இடத்தில் தரைக்கு மேலே பலகைப் பாதை போதும், அடியில் தவளை பாட்டுக்குப் போய் வரும். வெள்ளியங்கிரி மலைக்கு சிமென்ட் ரோடு போடச் சொல்லவில்லை. மலை ஏறுகிறவர் ஏறட்டும். அடிவாரத்தில் ஒரு கிலோ மீட்டர் சமதளமாக இருந்தால் மற்றவர்கள் அங்கே நடக்கட்டும்.

சமதளத்தில் என்ன இருக்கிறது பார்க்க என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த மலையா அது? ஓர் ஏரி! ஏரிக்கரை மேல் நடந்தபடியே பார்க்கலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கூடு கட்டிக் குடும்பம் நடத்தும். மழை சரியாகப் பெய்து ஏரி நிறைந்தால்தான் வரும், அதை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே பார்வைக் கோபுரம் உண்டு, ஏறப் படிகள் உண்டு. ஏற முடியாவிட்டால் கவலை இல்லை, கரையில் இருந்தே பறவைகள் தெரியும். அந்த ஊர் மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வரும் பறவைக்காக ஊரே ஒரு பண்டிகையின் சத்தத்தை விட்டுக்கொடுக்கும்போது, உள்ளூர்த் தாத்தாவுக்காக ஒரு சரிவு போட முடியாதா என்ன?

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைச் சுற்றியுள்ள சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 கி.மீ., பெரும்பாலும் ஏற்றம் இறக்கம் இல்லாத தார்ச்சாலை. முழுவதும் சுற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை, பாப்பா அழுதால் திரும்பிவிடலாம்! குதிரையும் சைக்கிளும் வரும், ஓரமாகப் போக வேண்டும். கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் அகலமான தார்ப் பாதைகள், இரண்டு பக்கமும் நிழல், நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி. விலங்கைப் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். எனக்கென்னவோ அங்குள்ள மரங்களுக்காகவே போகலாம் என்று தோன்றும்.

"மெதுவாகப் போனால் போர் அடிக்குமே டீச்சர்!" இது உங்கள் பக்கத்துக் குறை. இதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்குப் பின்னால் ஏரி இருந்தது. கரை மேல் மாட்டு வண்டி போகும் அளவுக்கு அகலமான பாதை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று சக்கர வண்டியில் வருவான். மழை விட்ட ஒருநாள் வகுப்பு முழுவதையும் கரைக்கு அழைத்துப் போனேன். ஓட்டப் பந்தயக்காரர்கள் எல்லாம் மதகு வரை ஓடிப்போய்த் திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்றார்கள். அந்தப் பையனின் வண்டி அப்போது பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. அதற்குள் அவன் பார்த்தவை: மூன்று மரவட்டை, எருக்கஞ்செடி இலையின் அடியில் தொங்கிய ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழு, வெல்வெட் துணி போர்த்தியது போன்ற ஒரு சிவப்புப் பட்டுப்பூச்சி. அவன் உட்கார்ந்திருந்த உயரம் அப்படி. தரை அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு அவன் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம்.

குழந்தை வண்டியில் இருக்கும் உங்கள் தம்பிப் பாப்பாவும் அந்த உயரத்தில்தான் உலகத்தைப் பார்க்கிறான். ஒருமுறை அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் எதைப் பார்த்துக் கையை நீட்டுகிறான் என்று பாருங்கள். நீங்கள் தாண்டிப் போன நத்தையாக இருக்கும். தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறும்போது அவரிடம் மரத்தின் பெயரைக் கேளுங்கள். பாதிக்கு மேல் சொல்லிவிடுவார், சில மரங்களின் பட்டையை எந்த வயிற்று வலிக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து! (அதை நீங்களாக முயற்சி செய்துவிடாதீர்கள்.) கண் பார்வை குறைந்த நண்பன் கூட வந்தால், செம்போத்து எந்தப் புதரிலிருந்து கத்துகிறது என்று உங்களுக்கு முன்னால் அவன் சொல்லுவான்.

வண்டி தள்ளுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணலிலோ மேடு பள்ளத்திலோ சிக்கினால் முன்னால் முட்டித் தள்ளாதீர்கள். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வரும்படி வைத்து, பின்னோக்கி இழுங்கள். சின்னச் சக்கரம் சிக்காது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நிறுத்தினால் பிரேக் போட மறக்காதீர்கள், முக்கியமாக ஏரிக்கரையில். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தள்ளுவதற்கு முன் "தள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கேட்காமல் தள்ளினால், உங்களை யாராவது சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் அவர்களுக்கும். இடி மின்னல் இருந்தால் அன்றைக்கு நடை கிடையாது. டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

வயதானவர்கள் ஏன் "நான் வரலை, நீங்க போங்க" என்கிறார்கள் தெரியுமா? ஆசை இல்லாமல் அல்ல. எவ்வளவு தூரம், எத்தனை படி, நடுவில் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே, இந்த நான்கும் தெரியாததால்தான். பூங்கா வாசல்களில் பெரிய பலகை இருக்கும். பூப் பறிக்காதே, எச்சில் துப்பாதே, பந்து விளையாடாதே, இப்படி வரிசையாக "தே" போட்டிருக்கும். இந்த நான்கு செய்தியும் இருக்காது. பலகையும் இருக்கிறது, பெயின்டும் இருக்கிறது. எழுதினால் என்ன?

அவர்கள் எழுதும்வரை நீங்கள் எழுதுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். பூங்காதான் என்றில்லை. ஏரிக்கரை, கண்மாய்க்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம் எதுவானாலும் சரி. நோட்டும் ஸ்கேலுமாகப் போங்கள். வாசல் எத்தனை செ.மீ., எத்தனை படி, ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம், எங்கே சேறு, எங்கே நிழல், எங்கே பெஞ்ச், கழிப்பறை பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா, அந்தப் பாதையில் என்னென்ன மரம், என்னென்ன பறவை, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். படமும் போடுங்கள். வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அதை வீட்டில் தாத்தா பாட்டியிடம் படித்துக் காட்டிவிட்டு, "இப்போ வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அதே நோட்டின் இன்னொரு பிரதியைப் பெரியவர்கள் மூலம் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் அப்பா, அம்மாவைப் பேசச் சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, சரியாக மழைக்காலத்தில். அம்மாவோ அப்பாவோ போகும்போது நோட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். "ஏரிக்கரை ஏறும் இடத்தில் 45 செ.மீ. மேடு இருக்கிறது, 540 செ.மீ. நீளத்துக்குச் சரிவு வேண்டும்" என்று அளவோடு கேட்டால், "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவது யாருக்கும் அவ்வளவு சுலபம் இல்லை.